அலங்காநல்லூர் கேஸை எந்த வார்த்தையில தேடுறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோடு கொஞ்சம் ஹோம்வொர்க் மாதிரி இருக்கும். ஆனா ஜல்லிக்கட்டு, குண்டாஸ், லாக்கப் டெத்னு எல்லாம் வரும், அதனால தூங்கிட மாட்டீங்கன்னு நம்புறேன்.

சட்டம், சமூகவியல், ஜர்னலிசம் படிக்கிறவங்க புராஜெக்ட் நேரத்துல கேட்கிற ஒரு கேள்வியை எடுத்துக்குவோம். 2017 ஜனவரி 16-ஆம் தேதி அலங்காநல்லூர்ல உட்கார்ந்தவங்க ராத்திரி முழுக்க நகரல. 17-ஆம் தேதி காலையில போலீஸ் 200 பேருக்கு மேல பிடிச்சுட்டுப் போனாங்க. அந்தச் செய்திதான் மெரினாவுக்குக் கூட்டம் சேர்த்தது. அதுக்கப்புறம் ஊருக்கு ஊர் கேஸ். அந்தக் கேஸெல்லாம் என்ன ஆச்சு? கூகுள்ல போட்டா போட்டோவும் வீடியோவும் கொட்டுது. சட்ட டேட்டாபேஸ்ல "ஜல்லிக்கட்டு போராட்டம்"னு போட்டா கைவிரல் எண்ணிக்கைக்குத்தான் ஏதாவது வருது. அப்போ கேஸே இல்லையா?

இருக்கு. நீங்க உங்க வார்த்தையில தேடுறீங்க, ஃபைல் வேற வார்த்தையில எழுதியிருக்கு. இன்னைக்கு முழுக்க நான் சொல்லப் போறது இந்த ஒரு விஷயம்தான்.

ஃபைலுக்குள்ள ஜல்லிக்கட்டுன்னு ஒரு குற்றமே கிடையாது. ரோட்டுல உட்கார்ந்தா அது இந்திய தண்டனைச் சட்டம் 143, அதாவது சட்டவிரோதமாகக் கூடுதல். வழியை மறிச்சா 341. கலெக்டரோ போலீஸோ போட்ட தடை உத்தரவை மீறினா 188. எஃப்.ஐ.ஆர்.ல எழுதுறவருக்கு இதுதான் மொழி. நீங்க எதுக்காகப் போராடினீங்கங்கறது உள்ள கதைப் பகுதியில ஒரு வரியா வரலாம், வராமலும் போகலாம். அதனால தேடும்போது பிரிவு எண், ஸ்டேஷன் பேர், வருஷம், இந்த மூணையும் சேர்த்துப் போடுங்க. "143, 188, அலங்காநல்லூர், 2017". ஊர்ப் பெயரோட ஆங்கில எழுத்துக்கூட்டை ரெண்டு மூணு விதமா மாத்திப் போடணும். ஒரு எல்லுக்குப் பதிலா ரெண்டு எல் விழுந்த டைப்பிங் பிழை கோர்ட் ரெக்கார்டுல சர்வ சாதாரணம்.

இன்னொரு சிக்கல். அன்னைக்குப் பிடிச்சவங்க எல்லார் மேலயும் எஃப்.ஐ.ஆர். இருக்கும்னு நினைக்காதீங்க. முன்னெச்சரிக்கையா பிடிக்கிறதுக்கு அப்போ குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 151-ஆவது பிரிவு இருந்தது. அதுல பிடிச்சா 24 மணி நேரத்துக்கு மேல வைக்க முடியாது. ஊர்ல நமக்குத் தெரிஞ்ச காட்சிதான்: கல்யாண மண்டபத்துல உட்கார வச்சு, சாப்பாடு போட்டு, சாயங்காலம் விட்டுடுவாங்க. அப்படி விட்டவரோட பேர் எந்தக் கோர்ட் டேட்டாபேஸ்லயும் இருக்காது. எஃப்.ஐ.ஆர். போட்ட இடத்துலகூட நாலு பேர் பேரை எழுதிட்டு "மற்றும் பலர்"னு முடிச்சிருப்பாங்க. நம்ம மாமா பையன் அந்த "பலர்"ல ஒருத்தர்னா, பேர் போட்டுத் தேடி என்ன பிரயோஜனம்?

இது ஏதோ புராஜெக்ட் மார்க் சமாச்சாரம் மட்டும் இல்லை. அரசு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்போது, "உங்க மேல கேஸ் ஏதாவது நிலுவையில இருக்கா?"ன்னு ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்கும். மேல ஒரு கேஸ் இருக்கான்னே தெரியாம அதை நிரப்பினவங்க இருக்காங்க.

அறிவிப்பு வேற, ஆர்டர் வேற

2021 பிப்ரவரியில அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவோம்னு சட்டமன்றத்துல அறிவிச்சார். போலீஸைத் தாக்கினது, தீ வச்சது மாதிரியான கேஸ் தவிர. பேப்பர்ல அந்தச் செய்தியைப் படிச்சுட்டு "வழக்குகள் ரத்தாகின"ன்னு புராஜெக்ட்ல எழுதிடாதீங்க.

அரசாங்கம் வாயால சொன்னதும் கேஸ் போயிடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 321-ன்படி அரசு வழக்கறிஞர் கோர்ட்ல மனு போடணும். நீதிபதி சம்மதிக்கணும். ஒவ்வொரு கேஸா நடக்கணும். இப்போ அந்தப் பிரிவு புதுச் சட்டத்துல, அதாவது பி.என்.எஸ்.எஸ்.ல, 360. அறிவிப்புக்கும் அந்த ஆர்டருக்கும் நடுவுல எத்தனை மாசம் போச்சுங்கறதே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி. யாராவது எடுத்துச் செய்யலாம்.

இதை எங்க பார்க்கிறது? இ-கோர்ட்ஸ் தளம், இலவசம். அதுல மாவட்ட நீதிமன்றப் பகுதியில "எஃப்.ஐ.ஆர். எண்"னு ஒரு டேப் இருக்கு. நிறையப் பேர் அதைத் தொடுறதே இல்லை. மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் தேர்ந்தெடுத்து, காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண், வருஷம் போட்டா கேஸோட வரலாறே வரும். கடைசியில எப்படி முடிஞ்சதுன்னும் இருக்கும்: விடுதலையா, தண்டனையா, வாபஸா. ஒவ்வொரு கேஸுக்கும் சி.என்.ஆர்.னு 16 இலக்க அடையாளம் இருக்கும். அதை முதல்ல நோட்புக்ல எழுதிக்கோங்க. மறுபடி தேடும்போது அது ஒண்ணு போதும்.

எஃப்.ஐ.ஆர். எண்ணே தெரியலன்னா? உணர்வுப்பூர்வமான வழக்குகள் தவிர மத்த எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள்ள இணையத்துல ஏத்தணும்னு உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பர்ல சொல்லியிருக்கு. தமிழ்நாடு காவல்துறை தளத்துல அதைப் பார்க்க வழி இருக்கு. அங்க கவனிக்க வேண்டியது: அலங்காநல்லூர் மதுரை மாநகரக் காவல்ல வராது, மதுரை மாவட்டக் காவல்ல வரும். "மதுரை"ன்னு ரெண்டு இருக்கும். மாநகரத்தைத் தேர்ந்தெடுத்துட்டு ஸ்டேஷன் பேரைக் காணோமேன்னு அரைமணி நேரம் தேடிக்கிட்டு இருப்பீங்க.

ஹைகோர்ட்டுக்கு வந்தா கதை வேற மாதிரி சுவாரஸ்யம். மதுரைக் கிளை 2004 ஜூலை 24-ல தொடங்கிச்சு. அங்க போட்ட ஒவ்வொரு வழக்கு எண்ணுலயும் அடைப்புக்குறிக்குள்ள "எம்.டி."ன்னு ரெண்டு எழுத்து இருக்கும். ரிட் மனுன்னா டபிள்யூ.பி. எம்.டி., எஃப்.ஐ.ஆர்.ஐ ரத்து பண்ணச் சொல்ற மனுன்னா கிரிமினல் ஓ.பி. எம்.டி., ஆட்கொணர்வு மனுன்னா எச்.சி.பி. எம்.டி. அந்த எம்.டி. இல்லன்னா அது சென்னை. 2004-க்கு முந்தின மதுரை வழக்கைக் கிளையோட பட்டியல்ல தேடிட்டு "மதுரையில வழக்கே இல்லை"ன்னு முடிவுக்கு வந்துடாதீங்க, அதெல்லாம் சென்னைக் கணக்கு.

கிரிமினல் ஓ.பி.ல "188"ன்னு போட்டுப் பாருங்க. அங்கதான் புதையல். 2018-ல "ஜீவானந்தம்"னு ஒரு வழக்குல மதுரைக் கிளை தெளிவா சொல்லிடுச்சு: 188-ஆவது பிரிவுல போலீஸ் தானா எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரி கோர்ட்டுக்கு எழுத்துல புகார் தரணும். அதுக்கப்புறம் போராட்ட வழக்குகளை ரத்து பண்ணச் சொல்லி வந்த மனுக்கள்ல இந்தத் தீர்ப்பு திரும்பத் திரும்ப வருது. அதனால இப்படிப்பட்ட ஆர்டர்களைக் கூட்டமா பிடிக்கணும்னா "ஜல்லிக்கட்டு"ங்கற வார்த்தையை விட "ஜீவானந்தம்"ங்கற வார்த்தை நல்ல தூண்டில். ஒரு தீர்ப்பை எந்தெந்தத் தீர்ப்புகள் மேற்கோள் காட்டுதுன்னு பின்தொடர்றதுதான் சட்ட ஆராய்ச்சியில பாதி வேலை. 2008-ல தொடங்கின இந்தியன் கானூன்ல இது இலவசம், தீர்ப்புக்கு மேலயே "இதை மேற்கோள் காட்டியவை"ன்னு இருக்கும். அந்தத் தளத்துல ஒரு விசித்திரம்: வேற இடத்துல "ஆண்ட்"னு போடுறதை இங்க டி-யை ரெட்டிச்சு, பெரிய எழுத்துல ஏ-என்-டி-டின்னு போடணும். "ஆர்"ருக்கு ஓ-ஆர்-ஆர். ஏன்னு என்னைக் கேட்காதீங்க.

தலைப்புல இல்லாத வழக்கு

ஜல்லிக்கட்டுக்கு முதல்ல தடை போட்டது எந்த வழக்குன்னு கேட்டா நிறையப் பேர் 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்வாங்க. அதுக்கு எட்டு வருஷம் முன்னாடி, 2006 மார்ச்ல, மதுரைக் கிளையில நீதிபதி ஆர். பானுமதி ஒரு தடை போட்டார். அந்த வழக்கு எதைப் பத்தினதுன்னு நினைக்கிறீங்க? ராமநாதபுரம் மாவட்டத்துல ஒருத்தர் ரேக்ளா ரேஸ் நடத்த அனுமதி கேட்டுப் போட்ட மனு. வண்டிப் பந்தயத்துக்குக் கேட்டவருக்கு, ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடை வந்தது. வழக்கோட தலைப்புல மனுதாரர் பேரும், எதிர்ல டி.எஸ்.பி.யும்தான். காளையும் இல்லை, ஜல்லிக்கட்டும் இல்லை. தலைப்புல தேடுற ஆளுக்கு இந்த வழக்கு ஜென்மத்துக்கும் கிடைக்காது. முழு உரையில தேடணும், அதுவும் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11-னு தேடினா சீக்கிரம் வந்துடும்.

கிடைச்சதும் அடுத்த ஆபத்து. அந்த 2006 தீர்ப்பை 2007-லயே டிவிஷன் பெஞ்ச் ரத்து பண்ணிடுச்சு. 2009-ல தமிழ்நாடு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டு வந்தது. 2014 மே 7-ல ஏ. நாகராஜா வழக்குல உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாதுன்னுச்சு. 2017-ல அவசரச் சட்டம், அப்புறம் சட்டத் திருத்தம். 2023 மே 18-ல அஞ்சு நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும்னு சொல்லிடுச்சு. இந்தச் சங்கிலியில எந்தக் கண்ணியில நீங்க நிக்கிறீங்களோ, அதைப் பொறுத்து உங்க கட்டுரை அப்படியே தலைகீழா மாறும். 2014-ஓட நின்னுட்டா, இன்னைக்கும் ஜல்லிக்கட்டு குற்றம்னு எழுதிடுவீங்க. காசு கட்டுற டேட்டாபேஸ்களான எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா மாதிரி இடங்கள்ல இந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோட இருக்கான்னு காட்டுற வசதி இருக்கு. அதுக்காகத்தான் அந்தக் காசே. தனியா வாங்கறதை விட, கல்லூரி நூலகம் வழியாப் போறது நல்லது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் போதும்னா இ-எஸ்.சி.ஆர். இருக்கு, 2023-லேருந்து இலவசம். தீர்ப்புகள்ல ஒரு பகுதி தமிழ்லயும் கிடைக்கும். புரிஞ்சுக்கத் தமிழ்ல படிங்க, மேற்கோள் காட்ட ஆங்கில மூலத்துக்குப் போயிடுங்க.

2024 ஜூலை 1-லேருந்து இன்னொரு தலைவலி. இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தாச்சு. தமிழ் சினிமா நமக்கு மனப்பாடம் பண்ணிக் கொடுத்த 302 இப்போ கொலை இல்லை. கொலைக்குத் தண்டனை 103. புதுச் சட்டத்துல 302-னா மத உணர்வைப் புண்படுத்துற வார்த்தை பேசறது. 143 இப்போ 189-க்குள்ள போயிடுச்சு, 188 இப்போ 223. பத்து வருஷப் போக்கு பார்க்கிறீங்கன்னா ரெண்டு எண்ணையும் தேடணும். இல்லன்னா 2024-ல தமிழ்நாட்டுல கொலையே நின்னு போச்சுன்னு ஒரு அழகான கிராஃப் வரும்.

குண்டாஸும் அப்படித்தான். நம்ம வாய்ல குண்டாஸ், தீர்ப்புல "1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம்". உள்ள இருக்கிறவரை குற்றவாளின்னோ கைதின்னோ சொல்ல மாட்டாங்க, "டிட்டெனு"ன்னுதான் எழுதுவாங்க. எச்.சி.பி. எம்.டி., 14 ஆஃப் 1982, இது ரெண்டும் போட்டா தென்மாவட்டங்கள் முழுக்க வந்து நிக்கும்.

வெளிநாட்டு டேட்டாபேஸ்ல இது இன்னும் வேடிக்கை. கிரிமினல் ஜஸ்டிஸ் அப்ஸ்ட்ராக்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, குற்றவியல் ஆய்வுக் கட்டுரைகளுக்கானது. அதுல போய் "போலீஸ் என்கவுன்ட்டர்"னு போட்டீங்கன்னா ஆயிரக்கணக்குல வரும். ஆனா அமெரிக்கக் கட்டுரையில என்கவுன்ட்டர்னா போலீஸும் பொதுமக்களும் சந்திக்கிற எந்தச் சந்திப்பும்தான். வண்டியை நிறுத்தி லைசென்ஸ் கேட்கிறதும் அதுல சேர்த்தி. நம்ம அர்த்தத்துல வேணும்னா "நீதிமன்றத்துக்குப் புறம்பான கொலை"ங்கறதுக்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டு, கூடவே இந்தியான்னு சேர்க்கணும்.

எண்ணுற விதம்

என்.சி.ஆர்.பி.யோட "இந்தியாவில் குற்றங்கள்" அறிக்கையை எல்லாரும் எடுப்பாங்க, நானும் எடுப்பேன். ஆனா முதல்ல அட்டவணைக்குப் போகாதீங்க. முன்னாடி இருக்கிற விளக்கப் பக்கங்களைப் படிங்க. "முதன்மைக் குற்ற விதி"ன்னு ஒண்ணு இருக்கும். ஒரே எஃப்.ஐ.ஆர்.ல கொலையும் கொள்ளையும் இருந்தா கொலை மட்டும்தான் கணக்குல ஏறும். பெரிய தண்டனை உள்ளது சின்னதை விழுங்கிடும். இது தெரியாம சின்ன குற்றங்கள் குறைஞ்சிருக்குன்னு எழுதறது ரொம்ப சுலபம்.

மதுரைக்காரங்களுக்கு ஒரு வருத்தமான தகவலும் உண்டு. அந்த அறிக்கையில பெருநகரங்கள்னு 19 நகரத்துக்குத் தனி அட்டவணை போடுவாங்க. 20 லட்சம் மக்கள்தொகைக்கு மேல உள்ளதுங்கறதுதான் அளவுகோல். சென்னையும் கோயம்புத்தூரும் இருக்கு. மதுரை இல்லை. நமக்கு மாவட்ட அட்டவணைதான், அதுலயும் மாநகரம் தனி, மாவட்டம் தனி. ரெண்டையும் நீங்களே கூட்டிக்கணும்.

லாக்கப் டெத்தைப் பத்தித் தேடுறவங்க என்.சி.ஆர்.பி. எண்ணை மட்டும் நம்பாதீங்க. காவல்ல யாராவது இறந்தா 24 மணி நேரத்துக்குள்ள தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போகணும், அந்த ஆணையம் தனியா எண்ணுது. ரெண்டு கணக்கும் ஒத்துப் போகாது. அந்த வித்தியாசத்தைக் கீழ குறிப்புல ஒளிச்சு வைக்காம, ஏன் வருதுன்னு கேட்கிறதுதான் உங்க கட்டுரையா இருக்கணும்னு நான் சொல்வேன்.

ரேகைச் சட்டம்

இப்போ அலங்காநல்லூர்லேருந்து மேற்கே, உசிலம்பட்டிப் பக்கம் போகணும். காலத்துலயும் நூறு வருஷம் பின்னாடி. 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ கைரேகை வைக்கச் சொல்லி போலீஸ் வந்தப்போ ஊர் மறுத்தது. துப்பாக்கிச் சூட்டுல 16 பேர் இறந்தாங்க, மாயக்காள்ங்கற பெண்ணும் அதுல ஒருத்தர். ஒரு சமூகத்துல பிறந்ததே குற்றம்னு எழுதி வச்ச சட்டம் அது. ராத்திரி எங்க தூங்கணும்னுகூட போலீஸ் சொல்லலாம்.

அந்தப் பக்கத்துப் பெரியவங்க இதை "ரேகைச் சட்டம்"னு சொல்வாங்க. அந்த வார்த்தையில ஆங்கில டேட்டாபேஸ் எதுவும் பதில் சொல்லாது. "பெருங்காமநல்லூர்"னு போட்டாலும் சொற்பம்தான். ஆனா "கிரிமினல் ட்ரைப்ஸ் ஆக்ட்"னு போட்டா கதவு திறக்கும். "கள்ளர் ரெக்ளமேஷன்"னு போட்டா இன்னொரு கதவு. அரசாங்கம் தான் செஞ்சதுக்கு வச்ச பேர் "சீரமைப்பு". இன்னைக்கும் மதுரை, தேனி, திண்டுக்கல்ல "கள்ளர் சீரமைப்புப் பள்ளி"ன்னு போர்டு பார்க்கிறோமே, அந்த வார்த்தை வந்த வழி இதுதான். அப்புறம் ஊர்ப் பேர். பிரிட்டிஷ் ரெக்கார்டுல மதுரைங்கறது எம், ஏ, டி, யூ, ஆர், ஏ. அவ்வளவுதான், கடைசியில ஐ கிடையாது. இன்றைய எழுத்துக்கூட்டைப் போட்டா 1920 உங்க கண்ணுக்கே தெரியாது.

ஆய்வு நூல்கள்னு பார்த்தா, ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978-ல எழுதின கட்டுரை கள்ளர்களுக்குக் "குற்றப் பழங்குடி"ங்கற முத்திரை எப்படி விழுந்ததுன்னு கேள்வி கேட்குது. லூயி துய்மோன் 1957-ல பிரெஞ்சுல எழுதின பிரமலைக் கள்ளர் பத்தின பெரிய புத்தகம் இருக்கு. ஆனந்த் பாண்டியனோட 2009 புத்தகம் கம்பம் பள்ளத்தாக்கைப் பத்தினது. இது மூணும் ஒரே தேடல்ல வராது. ஒண்ணு "கள்ளர்", ஒண்ணு "பிரமலை", ஒண்ணு தலைப்புல எந்த அடையாளமும் இல்லாம இருக்கும். ஒரு புத்தகம் கிடைச்சதும் அதோட துணைநூல் பட்டியலைப் பிடிச்சு நடக்கிறது, தேடல் பெட்டியில தட்டிக்கிட்டே இருக்கிறதை விட வேகம். அரசாணைகளுக்கு எழும்பூர்ல இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான். அதுக்கு நேர்லதான் போகணும்.

சரி, இதையெல்லாம் எங்க உட்கார்ந்து பார்க்கிறது? அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழக மாணவர்னா 2025 ஜனவரியிலேருந்து "ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்" இருக்கு. 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள். உங்க கல்லூரி நூலகர்கிட்ட லாகின் கேளுங்க, வெட்கப்படாதீங்க. தனியார் கல்லூரிக்காரங்களுக்கு முதல் கட்டத்துல இது கிடையாது, அது அநியாயம்னு நான் நினைக்கிறேன். அவங்க ஜேஸ்டோர்ல சொந்தக் கணக்கு தொடங்கினா மாசம் 100 கட்டுரை வரை ஆன்லைன்ல இலவசமா வாசிக்கலாம். பி.எச்டி. ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா, அது எல்லாருக்கும் திறந்தது. காமராசர் பல்கலைக்கழக ஆய்வேடுகள்ல மதுரை வட்டாரம் நிறைய வரும். உட்கார இடம் வேணும்னா புது நத்தம் ரோட்டுல 2023 ஜூலை 15-ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு. போனதும் மாடி மாடியா சுத்தாம, "என்னென்ன டேட்டாபேஸ் இருக்கு?"ன்னு நேரா கேட்டுடுங்க.

கடைசியா ஒண்ணு, இது தேடுற முறை இல்லை, தேடிக் கிடைச்சதை என்ன பண்றதுங்கறது. ஒரு குற்ற வழக்குல விடுதலையான ஒருத்தர், இணையத்துல இருக்கிற தீர்ப்புலேருந்து தன் பேரை எடுக்கச் சொல்லி மதுரைக் கிளைக்குப் போனார். 2021-ல தனி நீதிபதி அதுக்குச் சட்டம் இல்லைன்னு தள்ளுபடி பண்ணார். 2024 பிப்ரவரியில டிவிஷன் பெஞ்ச் பேரை மறைக்கச் சொல்லிச்சு. 2024 ஜூலையில உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை போட்டுச்சு. கோர்ட்டுக்கே இது இவ்வளவு சிக்கலான கேள்வி. நம்ம புராஜெக்டுக்கு நான் வச்சிருக்கிற வழக்கம் எளிமையானது: கேஸ் எண் போதும், பேர் வேண்டாம். பாலியல் குற்றத்துல பாதிக்கப்பட்டவங்க பேரும், சிறார் பேரும் டேட்டாபேஸ்ல தப்பா வெளியில கிடந்தாலும் நீங்க எழுதக் கூடாது, அது சட்டப்படியே குற்றம்.

தேடின தேதி, எந்த டேட்டாபேஸ், எந்தெந்த வார்த்தை, எத்தனை வந்தது, இதை ஒரு ஷீட்ல எழுதிக்கிட்டே போங்க. ஒண்ணுமே வராத தேடலையும் எழுதுங்க. அடுத்த எபிசோடுல தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல காவல் நிலையத்துக்கு மனு எழுதறது எப்படின்னு பார்ப்போம். ஸ்டேஷன் பேரும் எஃப்.ஐ.ஆர். எண்ணும் எடுத்து வச்சுக்கிட்டு வாங்க.